செல்லையா ஐயா சொல்ல மறுத்த வாக்கியம்

செவ்வாய்க்கிழமை காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது பழைய மாணவி விமலா ஒரத்தநாட்டிலிருந்து போன் செய்தாள். "மிஸ், நம்ம செல்லையா ஐயா தவறிட்டாங்க." எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டேன். அழுகை பஸ்ஸில் ஏறிய பிறகு வந்தது.

ஒரத்தநாடு கடைத்தெருவில், உரக்கடை மாடியில் நான் நடத்திய ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை, அங்கே படித்த நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகக் காத்திருந்த பையன்கள்தான் பாதிப் பேர். அவர்களுக்கு நடுவே, ஐம்பத்தைந்து வயதில், வேட்டியும் நோட்டுமாக அவர் வந்து உட்கார்ந்தார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. வாய் கொஞ்சம் நீளம். "ஐயா, நீங்க எந்த நாட்டுக்குப் போறீங்க?" என்று கேலியாகக் கேட்டேன். "எங்கயும் போகலங்க டீச்சர். மருமககிட்ட ஒரு வார்த்தை பேசணும். அதுக்குத் தமிழ் தெரியாது" என்றார்.

விஷயம் பிறகு தெரிந்தது. மகன் செல்வம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். அங்கே நர்சாக இருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கட்டிக்கொண்டான். இவர் நான்கு வருடம் மகனோடு பேசவில்லை. மகன் நோயில் விழுந்து அங்கேயே இறந்துபோனான். "அவன் போறதுக்கு முன்னாடியே நான் மனசு மாறிட்டேங்க. அது அந்தப் புள்ளைக்குத் தெரியணும்" என்றார். ஊரிலும் அப்படித்தான் சொல்லிவந்தார்.

இதற்கு பாஸ்ட் பெர்ஃபெக்ட் இல்லாமல் முடியாது. நடந்து முடிந்தவை இரண்டு இருந்து, எது முந்தியது என்று காட்ட வேண்டுமானால், முந்தியதற்கு 'ஹேட்' போட வேண்டும். பையன்களுக்குப் பத்து முறை சொல்லியும் ஏறாதது அவருக்கு ஒரே நாளில் பிடிபட்டது. "வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு. அதுக்குள்ள நாத்து கருகிடுச்சு. கருகுனதுக்குத்தானே ஹேட்டு?" என்றார். வகுப்பே கைதட்டியது. அடடா, அன்று அந்த முகத்தில் என்ன பெருமை! பிறகு வாரக்கணக்கில் அவருடைய வாக்கியத்தையே உருப்போட்டோம்: ஐ ஹேட் ஃபர்கிவன் ஹிம் பிஃபோர் ஹி டைட். அவன் சாகும் முன்பே அவனை மன்னித்துவிட்டிருந்தேன். நடவு நாளில்கூட, காலில் சேறு காயாமல் வந்து ஒப்பித்துவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்துக்கு என்னையும் துணைக்கு அழைத்தார். லைன் கிடைத்தது. அந்தப் பெண் ஹலோ என்றாள். "ஐ..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். நான் பக்கத்தில் நின்று, "ஹேட், ஐயா, ஹேட்" என்று முணுமுணுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். "நோ ஃபர்கிவ்," என்றார் போனில். "ஹி டைட். ஆஃப்டர்... ஆஃப்டர் ஐ க்ரை." மன்னிக்கவில்லை, செத்தான், அதன் பிறகுதான் அழுதேன்.

எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வாரப் பாடமும் பாழா! "ஐயா, தப்பா சொல்லிட்டீங்க" என்றேன். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். "இல்லங்க டீச்சர். ஆஸ்பத்திரியில கெடக்கான், ஒரு போன் பண்ணுங்கன்னு அவன் கூட்டாளி வந்து சொன்னான். நாந்தான் மாட்டேன்னேன், பாவி. இந்தப் புள்ள குரலக் கேட்டப்புறம் பொய் வரல."

மறுமுனையில் அவள் மெல்லப் பேசினாள். அவருக்குப் புரியவில்லை, ரிசீவரை என்னிடம் நீட்டினார். திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அதை அவருக்குத் தமிழில் சொன்னேன். "கடைசி நாள்ல, அப்பா போன் பண்ணினாங்களான்னு உங்க மகன் கேட்டாராம், ஐயா. பண்ணினாங்க, நீங்க தூங்கிட்டிருந்தீங்கன்னு இவங்க சொல்லிட்டாங்களாம். அந்தப் பொய்க்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறாங்க." அவர் பூத்துக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அதற்குப் பிறகும் அவர் வகுப்புக்கு வந்தார். மாதம் ஒருமுறை அவளோடு பேசினார். ஒருநாள் உரக்கடைக்காரர் ஆறுதலாக, "நீங்கதான் முன்னாடியே மனசு மாறிட்டீங்களே" என்றபோது, கடையில் அத்தனை பேர் நின்றிருக்க, "இல்லப்பா, மாறல" என்றார்.

இப்படி எழுதும்போது, போன மாதம்கூடப் பார்த்துப் பேசினேன் என்று சேர்த்தால் நன்றாக இருக்கும். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? அவர் படுக்கையில் கிடப்பதை விமலா இரண்டு மாதம் முன்பே சொல்லியிருந்தாள். தஞ்சாவூரிலிருந்து ஒரே பஸ். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன். உயிரோடு இருந்தபோது நான் போய்ப் பார்க்கவில்லை. எழுதிய இந்த வரியை அடிக்காமல் விடுகிறேனே, செல்லையா ஐயாவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அதுதான்.