அக்கா பதித்த பின்னறைத் தரை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. திருப்பூர் நல்லூரில் அவர் வாழ்ந்த வீட்டைப் பற்றி உறவினர்களிடையே பலவிதமான பேச்சுகள் உண்டு. கூடவே இருந்த தம்பி என்ற முறையில், நடந்ததை நடந்தபடி இந்த நினைவு மலரில் எழுதிவிடுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

அக்கா பிறந்தது கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தீப்பெட்டி ஒட்டினார். அப்பா காலமான வருடம் மழையும் பொய்த்துவிட, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினார். பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குச் சேர்ந்து, செக்கிங் பார்த்து, கடைசியில் ஓவர்லாக் டெய்லர் ஆனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஐ.டி.ஐ. படித்தேன். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அது ஒன்றுதான் அவரிடம் நாங்கள் பயந்த விஷயம்.

அக்காவைக் கட்டிய அத்தான் டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரெங்கும் டைல்ஸ் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்ததால், நல்லூரில் கட்டிய சொந்த வீட்டு வேலைக்கு அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகள்தான் கிடைத்தன. அக்கா கலவை போட்டுக் கொடுப்பார். நான் நூல் பிடிப்பேன். ஒவ்வொரு டைல்ஸையும் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டிவிட்டு, அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்பார். அடியில் கலவை நிறையாவிட்டால் சத்தம் பொள்ளலாக வரும். அப்படி வந்தால் உடனே பெயர்த்துவிடுவார்.

கூடமும் சமையலறையும் முடிந்து, பின்னறை மட்டும் பாக்கி இருந்தது. அப்போதுதான் அவிநாசி சாலையில் ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து அத்தான் இறந்துபோனார்.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு, பக்கத்து வீட்டு அம்மா வந்தார். அவர்கள் எங்கள் சுவரை ஒட்டித் தையல் யூனிட் வைத்திருப்பவர்கள். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, பொழுது சாயுற நேரத்துல உங்க ஊட்டுல டைல்ஸ் தட்டுற சத்தம் கேக்குதுங்களே. வேலைக்கு வேற ஆளு உட்டிருக்கீங்களா?”

அக்கா இல்லை என்று தலையசைத்தார். அவருக்கு அது முன்பே கேட்டிருக்கிறது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அடுத்த நாள் மாலை நானும் கேட்டேன். மண்ணும் டைல்ஸ் பெட்டிகளும் கிடந்த அந்த அறையிலிருந்து மெதுவாகத் தட்டும் சத்தம். பிறகு, யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல ஓர் இடைவெளி. மீண்டும் சத்தம். கதவைத் திறந்தால் ஒன்றுமில்லை.

செய்தி ஊருக்குப் போயிற்று. அத்தானின் அண்ணன் வந்து, இந்த வீடு ஆகாது, விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடு என்றார். பூசாரி ஒருவரை அழைத்துவரவும் ஏற்பாடு செய்திருந்தார். அக்கா அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“அவுக உசுரோட இருக்கையிலயே நான் பயந்ததில்ல. வேலை பாக்கி கெடக்கு, அதான் வந்து நிக்காக. நானே முடிக்கேன்.”

மறு ஞாயிறு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அத்தானின் கொத்துக்கரண்டியை எடுத்தார். மட்டம் பார்த்து நூல் கட்டி, பின்சுவரிலிருந்து வாசலை நோக்கிப் பதித்துக்கொண்டு வந்தார். முதல் வரிசை கோணலாகப் போயிற்று, முழுவதையும் பெயர்த்தார். பிறகு கை பழகியது. அன்று மாலை, மூலையில் ஒரே இடத்தில் சத்தம் கேட்டது. அக்கா போய் அந்த டைல்ஸைத் தட்டிப் பார்த்தார். பொள்ளல். “இந்தக் கல்லுதான். வைக்கும்போதே நெனச்சேன்” என்று, கலவை இறுகும் முன்பே எடுத்து மறுபடி பதித்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் நடந்தது. எந்தக் கல் சரியில்லையோ அங்கே சத்தம் கேட்கும். அக்கா போய்ச் சரிசெய்வார். அந்த நாட்களில் அவர் முகத்தில் சிரிப்புகூட இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு அச்சமாக இருந்தது.

கடைசி வரிசையை முடித்து, அறையிலிருந்து பின்பக்கமாகவே நகர்ந்து வாசலுக்கு வந்தார். வெள்ளை சிமெண்டால் இடைவெளிகளை அடைத்துத் துடைத்தார். கைகழுவிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். பொழுது சாய்ந்தது. தெருவில் கம்பெனி விட்டு சைக்கிள்கள் போயின. பின்னறையில் சத்தமே இல்லை. விளக்குப் போட நான் எழுந்தபோது அக்கா சொன்னார்:

“வேலையை முடிச்சிருக்கக் கூடாது தம்பி.”

அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வழக்கம்போல் வேலைக்குப் போனார், என் கல்யாணத்தை நடத்திவைத்தார். ஆனால் படுக்கை மட்டும் அந்தப் பின்னறையில்தான். இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோதும் கட்டில் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். பாயையும் தள்ளிவிட்டு, வெறுந்தரையில் ஒரு காதை வைத்துப் படுத்திருப்பார். ஒரு விடிகாலையில் அப்படியே போய்ச் சேர்ந்தார். என்ன கேட்டார், ஏதேனும் கேட்டாரா என்பது எங்களுக்குத் தெரியாது.

கடைசி நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், முறைவைத்துத் துணையிருந்த கம்பெனித் தோழியருக்கும், ஊரிலிருந்து ஓடிவந்து தோள்கொடுத்த அத்தானின் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா போன பிறகு அந்த அறையில் யாரும் படுக்கவில்லை, நானும் படுக்கவில்லை. ஆண்டு நினைவு நாளான இன்று பந்தி அங்கேதான் போட்டிருக்கிறோம். தயங்காமல் உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டுப் போங்கள்.