பதினேழாம் எண் படம்

மியூசியத்தில் நான் பார்ப்பது ஆபீஸ் வேலை. ஆனால் அங்கே தமிழ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், படங்களுக்குக் கீழே ஒட்டுகிற விளக்க அட்டைகளைத் தமிழில் எழுதுவதும் என் தலையில் விழுந்தது. இதை வீட்டில் சொன்னதில்லை. அம்மா முப்பது வருஷம் தமிழ் டீச்சர். தெரிந்தால் சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

ஊரடங்கில் மூடிய கதவு மறுபடி திறக்கப்போகிறது, புதுக் கண்காட்சிகள் வரிசையாக வரப்போகின்றன என்றதும் எங்களுக்கெல்லாம் கல்யாண வீட்டுப் பரபரப்பு. முதலில் வைப்பது, கொரோனா இரண்டாம் அலையின்போது பெங்களூரில் எடுத்த புகைப்படங்கள். "காசு கொடுத்து அந்த நாளை எவன் திரும்பப் பார்ப்பான்?" என்று கேன்டீனில் சத்தமாகவே கேட்டேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

அந்த அலையில்தான் அப்பா போனார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். காக்ஸ் டவுன் வீட்டில் நானும் அம்மாவும் பாசிட்டிவாகி அடைபட்டுக் கிடந்தோம். அடக்கம் செய்கிற தன்னார்வலர்கள் இரண்டு பேர் ஆதார் நகல் வாங்க வாசலுக்கு வந்தபோது, அம்மா உள்ளே ஓடி அப்பாவின் போர்வையை எடுத்துவந்து கம்பிக் கதவுக்கு மேலாக நீட்டினாள்.

"பெட்டி மேல இதப் போத்திடுங்கப்பா. அவருக்குக் குளிர் தாங்காது."

நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் அப்பா இந்தக் குளிருக்குப் பழகவில்லை. ஏப்ரல் மாதத்திலும் காதை மூடிக்கொண்டுதான் சர்ச்சுக்குக் காலைப் பூசைக்குப் போவார். வந்தவர்கள் "சரிம்மா" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குமேல் எங்களுக்கு எதுவும் தெரியாது.

எங்களில் யாராவது இறந்தால் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு போட்டோ எடுப்போம். வீட்டு ஆல்பத்தில் கல்யாணப் படங்களுக்கு அடுத்த பக்கத்திலேயே பெரியப்பாவும் மாமாவும் பெட்டியில் படுத்திருப்பார்கள். சுற்றி நாங்கள் கேமராவை முறைத்துக்கொண்டு நிற்போம். அப்பாவுக்கு அப்படி ஒன்று இல்லை. அதையாவது அம்மா பொறுத்துக்கொண்டாள், போர்வையைத்தான் விடவில்லை. "போத்தினாங்களா இல்லியா, கேட்டியா?" என்பாள். அந்தத் தன்னார்வலர்களின் எண்ணுக்கு எத்தனையோ தடவை அடித்தேன்; ஸ்விட்ச் ஆஃப் என்று கன்னடத்தில் ஒரு குரல் சொல்லும். "போத்தியிருப்பாங்கம்மா" என்பேன். "இருப்பாங்கன்னா? பாத்தியா நீ?" என்பாள். மழுப்பல் பதிலுக்கு அவள் என்றைக்கும் மார்க் போட்டதில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இதே கேள்வி, இதே பதில்.

அட்டை எழுத எனக்கு வருவது ஒரு எக்ஸெல் ஷீட். எண், ஆங்கிலம், கன்னடம், கடைசியில் ஒரு காலிக் கட்டம். அதை நான் நிரப்ப வேண்டும். படங்கள் வராது, சுவரில் மாட்டுகிற நாள்வரை புகைப்படக்காரர் வெளியே விடமாட்டாராம். நாற்பது வரியையும் ஒரே மத்தியானத்தில், எலுமிச்சை சாதத்தை ஸ்பூனால் அள்ளிக்கொண்டே தட்டி முடித்தேன். பதினேழாவது வரி: பெயர் தெரியாத ஒருவரின் அடக்கம். அடக்கம் என்று போடுவதா, நல்லடக்கம் என்று போடுவதா என்று மட்டும் கொஞ்சம் யோசித்தேன். பெயரே தெரியாத ஆளுக்கு இது போதும் என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

திறப்புக்கு முந்தின நாள், அட்டையும் படமும் பொருந்துகிறதா என்று பார்க்கப் பட்டியலோடு போனேன். பதினைந்து சரி, பதினாறு சரி. பதினேழின் முன்னால் என் கால் நின்றுவிட்டது.

கவச உடை போட்ட நான்கு பேர் ஒரு பெட்டியைக் குழிக்குள் இறக்குகிறார்கள். பெட்டியின்மேல் கட்டம்போட்ட பச்சைப் போர்வை. அதன் மூலையில், இஸ்திரிப்பெட்டி சுட்ட ஓட்டைக்கு அம்மா தன் நீல ரவிக்கைத் துணியில் போட்ட ஒட்டு. கோணல் ஒட்டு என்று அப்பா கேலி பண்ணிக்கொண்டே இருந்த அதே ஒட்டு.

அழுகை வரவில்லை. அப்பா இங்கே எதற்கு வந்தார் என்று பைத்தியம் மாதிரி ஒரு நினைப்பு. பட்டியல் எப்போது கையிலிருந்து விழுந்தது என்று தெரியாது. குனிந்து எடுக்கும்போதுதான் அட்டை கண்ணில் பட்டது. என் தமிழ். ஒரு பிழை இல்லை.

கண்காட்சிக்குப் பொறுப்பான பெண் ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும், படத்தை எடுத்துவிடட்டுமா என்று கன்னடத்தில் மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்றேன். அட்டையை மாற்றி அச்சடிக்க இரண்டு நாள் ஆகும் என்றாள். அதை அங்கேயே பிய்த்து எறிந்திருக்கலாம். எனக்கு அது தோன்றவேயில்லை. அம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது, அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் ஆட்டோவில் வைத்து அம்மாவிடம் சொன்னேன். படத்தின் முன்னால் போய் நின்றதும் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். "முட்டபேடி, அம்மா" என்று, தொடக்கூடாது எனக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே காவலர் ஓடிவந்தார். "எங்க வீட்டுக்காரருப்பா இவரு" என்றாள் தமிழில். என்ன புரிந்ததோ, அவர் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"போத்தியிருக்காங்க," என்றாள் அம்மா. "கால்மாட்டுல எப்படி இழுத்து விட்டிருக்காங்க, பாரு. அந்தப் புள்ளைங்க நல்லா இருக்கணும்."

அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. சரி, போகலாம் என்று தோளைத் தொட்டேன். அவள் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நோட்டு திருத்துகிறவள்போல அட்டையின் கீழே விரலை வைத்து வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"யாருடி இத எழுதினது?"

நான் அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"பேரு தெரியலன்னா விசாரிக்க மாட்டாங்களா? நீ இங்கியேதான வேலை பாக்குற? உன்ன ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எங்க அப்பான்னு நீ சொல்லியிருக்க மாட்டியா?"

"யாரும் கேக்கலம்மா," என்றேன்.