ரெஜினாவின் வாவியும் என் மழையும்

சில கிழமைகளுக்கு முன் மச்சான் யோகராசா போன் எடுத்தார். எடுத்த எடுப்பிலேயே கேள்விதான்.

"பள்ள வட்டையில விதைக்கட்டா? வாவித் தண்ணி ஏறினா முளையெல்லாம் அழுகிப் போயிரும். பாத்துச் சொல்லுங்க மச்சான்."

பள்ள வட்டை என்பது வாவிக்கரையோடு சரிந்து கிடக்கும் அவருடைய வயல். கம்பஸில் கணிதம் படிப்பிக்கும் என்னிடம் ஏன் கேட்கிறார்? வரப்போகும் மழையைச் சொல்லும் கணக்கு ஒன்றைப் பைதான் என்ற கணினி மொழியில் எழுதியிருக்கிறேன் என்று ஒரு கலியாண வீட்டில் பெருமையடித்தது நான்தானே!

ஆனால், மழை வேறு... வாவி வேறு. எவ்வளவு மழைக்கு வாவி எவ்வளவு ஏறும் என்ற கணக்கு, என்னோடு வேலை செய்யும் ரெஜினா மிஸ்ஸிடம் இருந்தது. அதை அவர் ஆக்டேவ் என்ற வேறொரு கணித மென்பொருளில் எழுதியிருந்தார். வரிக்கு வரி பைதானுக்கு மாற்றிப் பார்த்தேன். கொட்டுகிற மழையில் என் கணக்கில் வாவி வற்றியது!

ரெஜினா சிரித்தார். "என்னத்துக்கு சேர் மாத்துறீங்க? என்ட கணக்கு, அந்தப் பங்ஷன், அங்கேயே இருக்கட்டும். உங்கட பைதானுக்குள்ள இருந்து கூப்பிடுங்க. மழையைக் குடுங்க, தண்ணியை வாங்குங்க."

அப்படியும் முடியுமா? முடியும். இரண்டுக்கும் நடுவில் ஓடித்திரிய ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. அதைப் போட்டோம். முதல் அழைப்புக்குப் பிழைச் செய்திதான் பதில். மழை எண்களை நான் கிடையாக அனுப்பியிருந்தேன். ரெஜினாவின் பங்ஷனுக்கு நெடுக்காக வேண்டுமாம். நெடுக்காக அடுக்கி மறுபடி அனுப்பினேன்.

திரையில் வந்தது... ஒரு நீலக் கோடு. வாவியின் நீர்மட்டம்.

மெல்ல மெல்ல மேலே போனது. ஜன்னலுக்கு வெளியே வானத்தில் ஒரு முகில் இல்லை. இருந்தும் இன்னும் பெய்யாத மழை என் காதில் பெய்தது. வராத தண்ணீர் மேசைக்கு அடியில் வந்து பாதத்தை நனைத்த மாதிரி... காலை இழுத்துக்கொண்டேன்.

"ஏறும் சேர்," என்றார் ரெஜினா, மெதுவாக. "பள்ளத்தை மூடும்."

மச்சானிடம் சொன்னேன்.

"விதைநெல்ல ஊறப் போட்டுட்டனே..." பிறகு, "சரி, மேட்டுக் காணியில எறிஞ்சு விதைக்கிறன்."

நேற்றுப் போனேன். பள்ள வட்டை முழுக்க வானம் மிதந்தது. மேட்டில் இளம்பச்சை.

"மழையை நீங்க சொன்னீங்க. தண்ணியை ஆரு சொன்ன?"

"ரெஜினா மிஸ். அவட கணக்கை என்ட கணக்குக்குள்ள இருந்து கூப்பிட்டன்."

"அப்ப அவவுக்கு ஒரு மூட்டை புது அரிசி அனுப்பவேணும்."

"எனக்கு?"

மச்சான் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"நீங்க கூப்பிட்டது மட்டுந்தானே!"