அறுத்துப் பார்த்த கறுப்பு முத்து

முத்தை யாராவது உரைகல்லில் தேய்ப்பார்களா? எங்கள் சம்பந்தி வீட்டார் தேய்த்தார்கள். அதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஒரு முத்தைச் சின்ன ரம்பத்தால் இரண்டாக அறுத்து, பிளாஸ்டிக் டப்பியில் போட்டு, மாலையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்த டப்பியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அது என் அக்காவின் மாலை. அக்கா வீட்டுக்காரர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். பசிபிக் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் தாஹித்தித் தீவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது கறுப்பு முத்துமாலை ஒன்று வாங்கி வந்தார். மற்றபடி அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. பென்ஷன் வந்தால் குடி, குடித்தால் பொய். கடைத்தெரு வரைக்கும் என்று போனவர் மறுநாள் வருவார், கேட்டால் ஒரு கதை சொல்வார். அக்கா எதையும் நம்பாமல் வாழப் பழகிக்கொண்டாள். அந்த மாலையை மட்டும் நம்பினாள். அவர் இறந்த பிறகு கழுத்திலிருந்து கழற்றி, மகள் கல்யாணத்துக்கு என்று பீரோவில் வைத்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருஷங்களில் ஒன்றில் அந்தக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு முதலியார்பேட்டை. பையன் நல்லவன், அவனைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவன் வீட்டார் எங்கள் பெண்ணைத் தேடி வந்ததற்குக் காரணம் அவளுடைய பிரெஞ்சு நேஷனாலிட்டி; அவளைக் கட்டினால் பையன் பிரான்சுக்குப் போகலாம். அது ஊருக்கே தெரியும். அதை அவர்கள் யாரும் உரசிப் பார்க்கவில்லை.

நகைகளைத்தான் உரசிப் பார்த்தார்கள். பெண் வீட்டு நகையை மாப்பிள்ளை வீட்டார் தங்களுடைய தட்டானிடம் காட்டுவது அவர்கள் வழக்கமாம். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி, ஒரு வாட்டி காட்டிட்டுக் குடுத்துடறோம்" என்று மாப்பிள்ளையின் அத்தை மூலக்குளத்தில் அக்கா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வாங்கிப் போனார். வளையலை உரசினால் மஞ்சள் கோடு விழும். முத்தை உரசினால் என்ன விழும்? காயம்தான் விழும். அந்தத் தட்டானுக்குத் தங்கம் தெரியும், முத்து தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, ரம்பத்தை எடுத்துவிட்டார்.

அத்தை டப்பியைத் திறந்து காட்டியபோது நானும் கூடத்தில்தான் இருந்தேன்.

"பாருங்க, உள்ள வெள்ள மணி. மேல கறுப்புப் பூச்சு. பாவம், உங்க வீட்டுக்காரர யாரோ ஏமாத்திட்டாங்க. இல்ல, அவரே தெரிஞ்சுதான் வாங்கினாரோ இன்னாவோ."

அக்கா டப்பியை வாங்கி மூடினாள். காபி கொடுத்து அனுப்பினாள். பிறகு அறுபட்ட பாதியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "அப்ப இதுவும் பொய்தானா?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. செத்துப்போன மனுஷன் உயிரோடு இருந்தபோது சொன்ன பொய்களுக்கே கணக்கில்லை, சொல்லாத பொய்யையும் அவர் தலையில் கட்டுவதா? நான் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறவள். உள்ளே மணி இருப்பதுதான் வளர்ப்பு முத்து என்பதை வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்கிறவள். உயிருள்ள சிப்பியை லேசாகத் திறந்து, சதையைக் கீறி, வேறொரு சிப்பி ஓட்டில் கடைந்த உருண்டை மணி ஒன்றை உள்ளே வைப்பார்கள். கூடவே இன்னொரு சிப்பியின் ஓரச் சதையில் ஒரு துணுக்கையும் வைப்பார்கள். அந்தத் துணுக்கு வளர்ந்து மணியைச் சுற்றிப் பை மாதிரி மூடிக்கொள்ளும். பிறகு அந்தப் பை, ஓட்டின் உள்பக்கம் மினுங்குகிறதே அதே பொருளை, மெல்லிய படலம் படலமாக மணிமேல் பூசிக்கொண்டே இருக்கும். தாஹித்தியில் வளர்ப்பது போல ஓட்டின் ஓரம் கறுத்த கறுப்பு உதட்டுச் சிப்பி என்றால் பூச்சும் கறுப்பு. அதைப் பூசியது கடலுக்குள் கிடந்த ஒரு உயிர், டப்பா பெயின்ட் இல்லை.

அறுபட்ட பாதியைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் வைத்தேன். நடுவில் வெள்ளை மணி, அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு, அதற்கு வெளியே சாம்பல் படலங்கள், வெங்காயம் அரிந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக. சாயம் பூசிய மணியில் இந்த அடுக்கு இருக்காது. போனில் அத்தையிடம் சொன்னேன்.

"அது ஒன்னு சரிம்மா. மத்ததெல்லாம்? இன்னும் ரெண்ட அறுத்துப் பாத்துட்டா சந்தேகம் தீந்துடும்ல?"

"நாளைக்கு எங்க பொண்ணுக்கு வயித்துவலின்னாலும் அறுத்துதான் பாப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். கேட்டது அதிகப்பிரசங்கித்தனம் என்று அக்கா திட்டினாள். திட்டட்டும்.

அறுக்காமல் பார்க்க எக்ஸ்ரே இருக்கிறது. என் பள்ளித் தோழி பல் டாக்டர். மாலையை அவளுடைய மேஜைமேல் வைத்ததும், "இது யாரு பல்லுடி, இவ்ளோ சொத்தையா?" என்றாள். சிரித்தாலும் வேலையைச் சரியாகச் செய்தாள். பல்லுக்கு வைக்கும் சின்னப் பிலிமில் இரண்டு மூன்று முத்தாக வைத்துப் படம் எடுத்தாள். வெறும் கண்ணாடி மணியாக இருந்திருந்தால் உள்ளே எந்தக் கோடும் தெரியாது. இயற்கையாக விளைந்த முத்தாக இருந்திருந்தால் வளையங்கள் நடுமையம் வரை போகும். இவற்றில் ஒவ்வொரு முத்துக்குள்ளும் ஒரு வட்டம் தெரிந்தது. மணியும் பூச்சும் சேரும் இடத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, அதைச் சுற்றி நல்ல தடிமனான பூச்சு. எல்லாம் அசல் வளர்ப்பு முத்து.

பிலிமை அக்காவிடம் கொடுத்து, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னேன். எது மணி, எது சிப்பி பூசியது என்று காட்டினேன். சிப்பியைக் கீறி மணி வைக்கும் இடத்துக்கு நான் வந்ததும் அவள் பிலிமைக் கீழே இறக்கினாள்.

"ஆபரேஷன்" என்றாள்.

"இன்னா ஆபரேஷன்?"

"இத எனக்குப் போட்டுவிட்ட அன்னிக்கே சொன்னாருடி. சிப்பிக்கு ஆபரேஷன் பண்றாங்க, உள்ள ஒரு மணி வெச்சுத்தான் வளக்கறாங்க, நான் நேர்ல போய்ப் பாத்தேன்னாரு. குடிச்சிட்டு ஒளர்றாருன்னு நான் சிரிச்சேன்."

பிறகு அவள் அழுதாள். அவர் இறந்தபோதுகூட அப்படி அழவில்லை. எனக்கு அந்த அத்தைமேல் இருந்த கோபம் இரண்டு மடங்காயிற்று. அறுத்த முத்து அந்த மனுஷனைப் பொய்யன் என்று காட்டவில்லை. அவர் மறைக்காமல் சொன்ன ஒரு உண்மையைத்தான் காட்டியது.

அடுத்த முறை அக்கா வீட்டுக்கு வந்த அத்தையோ பிலிமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. "சரி, உள்ள மணி இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அசலாவே இருக்கட்டும். ஆனா கறுப்பாச்சே, முகூர்த்தத்துல பொண்ணு கழுத்துக்கு ஆகாது" என்றார். உரசி, அறுத்து, கடைசியில் நிறத்தில் வந்து நின்றார்.

"பொண்ணுக்குப் போடல, விடுங்க" என்றாள் அக்கா. அவள் தணிந்து போய்விட்டாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

முகூர்த்தத்தன்று காலை கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மேடையைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருந்தோம். புருஷன் இல்லாதவள் தாலி கட்டும் நேரத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தூணோரம் அவளுக்கு ஒரு நாற்காலிகூடப் போட்டிருந்தார்கள். அக்கா அதைத் தாண்டி வந்து, மேடையில் மகளுக்குப் பின்னால் நின்றாள். கழுத்தில் கறுப்பு முத்துமாலை, ஒரு முத்து குறைந்து, புது நூலில்.

அத்தை அவள் காதருகே குனிந்தார். "இன்னா சம்பந்தி, இன்னிக்குப் போய் இத..."

"உள்ள மணி வெச்ச முத்துதான்" என்றாள் அக்கா, மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டுத்தான் போட்டுவிட்டாரு."