ஊசித் துளையில் சந்தனம்

வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடும் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. என்னிடம் இருப்பது உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி. நடுவில் மடித்துத் திறந்து, ஒரு தோட்டாவைச் செருகி, மூடிச் சுடுவது. ஆனாலும் அந்தப் பழைய துப்பாக்கிகள் ஏன் வெடிக்காமல் போகும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். மருந்தில் ஈரம். குழலில் மிச்சமாக நின்ற எண்ணெய். நெருப்புப் போகிற சிறு துளையில் அடைப்பு. அக்காலத்து வேட்டைக்காரர்கள் மருந்து போடுவதற்கு முன், தட்டினால் பொறி விடும் ‘கேப்பு’ என்ற சிறு மூடியை மட்டும் மாட்டி, குழல் வாயை ஒரு புல்லுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்ப்பார்களாம். புல் அசைந்தால் துளை சுத்தம். அசையாவிட்டால் ஊசியால் குத்தி எடுக்க வேண்டும்.

இந்தப் புல் கதையை என் மைத்துனனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. சிரம்பானை அடுத்த செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஓய்வு நாட்களில் நாய்கள்தான் அவனுக்கு எல்லாம். நான்கு நாய்களில் செம்பட்டை நிறப் பெட்டை ஒன்றுதான் தலைமை. குட்டியாக இருந்தபோது புட்டியால் பால் ஊட்டி வளர்த்தான்.

காட்டுப்பன்றி வேட்டையில் நாயின் வேலை கடித்துக் கொல்வது அல்ல. பன்றியை மறித்து நின்று, ஓடவிடாமல் குரைத்துக்கொண்டே இருப்பது. துப்பாக்கிக்காரன் வந்து சேர்ந்து, நாய் படாத பக்கமாகச் சுட வேண்டும். அதுவரை பன்றியின் கோரைப் பல்லுக்கு முன்னால் நாய் நிற்கிறது. மைத்துனனுடைய முந்தைய நாய் ஒன்று அப்படி நின்றே செத்தது. அன்று வேறொருவருடைய துப்பாக்கி. தோட்டா மழையில் நனைந்து வெடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் அவன் நாய்களை யாருக்கும் கொடுக்கவில்லை.

மறுபடி அவன் ஒத்துக்கொண்டது எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்காக. லுக்குட் பக்கத்தில் அவருக்குக் கெபுன் என்று நாங்கள் சொல்லும் சிறு தோட்டம் உண்டு. பழைய ரப்பர்ப் பால்மரங்களைத் தள்ளிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்று வைத்திருந்தார். பன்றிகள் வந்து கன்றுகளைப் பிளந்து குருத்தைத் தின்றுவிட்டன. திரும்ப வைத்தார், திரும்பத் தின்றன. வனவிலங்கு இலாகாவின் அனுமதியை நான் வாங்கினேன். துப்பாக்கியும் என்னுடையதுதான். நாய்கள் மட்டும் வேண்டும். நான் இருக்கும் மம்பாவிலிருந்து செனாவாங் போய் அவனைப் பார்த்தேன்.

வீட்டு வாசலில் பெட்டையின் காதில் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான். “சுடுமா மாமா?”

“என் துப்பாக்கி இதுவரைக்கும் ஒரு தடவகூட ஏமாத்தினது இல்லப்பா.”

“அத கேக்கல. அன்னிக்கி சுடுமா?”

சுடும் என்றேன். அதோடு விட்டேனா? தோட்டாக்களை எப்படி ஈரம் படாமல் மூடி வைக்கிறேன், எண்ணெயை எப்படித் துளி கணக்கில் இடுகிறேன் என்று விளக்கினேன். புல் கதையையும் சொன்னேன். பெட்டை பொறுமையாக இருந்தது. அவனும்தான்.

ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் இடையில் ஒரு சனிக்கிழமை போனோம். சனிக்கிழமைதான், ஞாயிறாக இருந்தால் எங்களோடு வந்த லாரிக்காரர் தேவாலயத்தில் இருந்திருப்பார். என் பழைய நண்பர். சின்ன லாரி வைத்திருக்கிறார். நாய்கள் பின்னால், நாங்கள் மூவரும் முன்னால். முதல் நாள் இரவு மழை பெய்து செம்மண் குழைந்திருந்தது. அக்கா முன்னே நடந்து காட்டினார். வரிசையில் பல கன்றுகளுக்குக் குருத்து இல்லை. புதிய குளம்புத் தடம் தண்ணீர் நிறைந்து கிடந்தது.

லாரிக்குப் பக்கத்தில் நின்று, எப்போதும் சொல்வதைச் சொன்னேன். துப்பாக்கி வெடிக்காமல் ‘டிக்’ என்று நின்றால் உடனே திறக்கக் கூடாது. தோட்டா பிந்தியும் வெடிக்கலாம். குழலை ஆள் இல்லாத பக்கம் தரையைப் பார்த்துப் பிடித்து அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் என் முன்னால் வரக் கூடாது.

“ஒவ்வொரு தடவையும் பிரசங்கம்லா. எங்க பாதிரியார்கூட இதவிட சீக்கிரம் முடிச்சிருவாரு” என்றார் லாரிக்காரர்.

நாய்களை அவிழ்த்தான். குரைப்பு முதலில் அலைந்தது, பிறகு ஒரே இடத்தில் நின்றது. தள்ளிவிடப்பட்ட ஒரு பால்மரத்தின் வேர்ப்பக்கம், வாய்க்கால் ஓரத்தில். ஓடிப் போய்ப் பார்த்தபோது நல்ல பெரிய ஆண் பன்றி, வேர்களுக்கு முதுகைக் கொடுத்து நின்றது. செம்பட்டை நேர் எதிரே. மற்ற மூன்றும் சற்று விலகி. நான் பக்கவாட்டில் போனேன். தோட்டாவைச் செருகி மூடினேன். தோள் தெரிந்தது, நாய் இல்லை, பின்னால் மண்மேடு. இதைவிட வசதியான குறி எனக்குக் கிடைத்ததில்லை.

டிக்.

துப்பாக்கி மூடுகிற ஓசை கேட்டால் அடுத்தது வெடி என்று அந்த நாய்க்குத் தெரியும். வெடி வரவில்லை. ஒரு கணம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பன்றிக்கு அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது.

நான் குழலைத் தரைக்குத் திருப்பினேன். காத்திருந்தேன். விதி அதுதான், இன்றும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். மனிதர்கள் நிற்கிற இடத்தில் வேறு எதுவும் செய்ய முடியாது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் செம்பட்டை இரண்டு முறை தூக்கி எறியப்பட்டது. மைத்துனன் எதையும் கேட்காமல் பாராங் கத்தியை ஓங்கிக்கொண்டு உள்ளே போனான். முதுகில் ஒரு வெட்டு விழுந்ததும் பன்றி வாய்க்காலைத் தாண்டிச் சதுப்புக்குள் ஓடிவிட்டது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

நாயின் வயிறு கிழிந்திருந்தது. பின்னங்கால் ஒன்று தொங்கியது. அவன் சட்டையைக் கழற்றி வயிற்றைச் சுற்றிக் கட்டினான். அக்கா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். தூக்கிக்கொண்டு லாரிக்கு வந்தோம். அங்கேதான் துப்பாக்கியைத் திறந்தேன்.

தோட்டாவின் அடியில், ஊசி குத்த வேண்டிய கேப்பில், ஆழமான பள்ளம் இல்லை. நகத்தால் கீறியதுபோல் ஒரு தடம். தடத்தைச் சுற்றி மஞ்சள் பொடி. துப்பாக்கியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். குழல் வந்து பொருந்துகிற அந்த வட்டமான இரும்பு முகத்தின் நடுவில்தான் ஊசி வெளியே வரும் துளை இருக்கிறது. துளை வாய் முழுக்க மஞ்சளாக இறுகியிருந்தது. விரல் வைத்தேன். மணம் வந்தது.

லாரிக்காரர் குனிந்து முகர்ந்து பார்த்தார். “சந்தனம்லா, அண்ணே.”

ஆயுத பூசை அன்று துப்பாக்கியை வாழை இலைமேல் வைத்தது நான். பத்திரத்துக்காக எப்போதும்போலத் திறந்தே வைத்தேன். உள்ளே தோட்டா இல்லை என்பது வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது என் கொள்கை. என் மனைவி கட்டையில் சந்தனப் பொட்டு வைத்தாள், குழலில் வைத்தாள், திறந்திருந்த அந்த இரும்பு முகத்தின் நடுவிலும் வைத்தாள். மறுநாள் எண்ணெய்த் துணியால் நான் துடைத்தேன். வெளியே இருந்தது போய்விட்டது. துளைக்குள் போனது என் எண்ணெயோடு குழைந்து காய்ந்து ஊசியைப் பிடித்துக்கொண்டது. துப்பாக்கியை மூடிப் பார்த்தேன், திறந்து பார்த்தேன், பளபளப்பைப் பார்த்தேன். ஊசி முழுதாக வெளியே வருகிறதா என்று பார்க்கவில்லை.

இதெல்லாம் லாரி ஓரத்தில் நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் என் வாயிலிருந்து வந்தது வேறு.

“உங்க அக்கா வச்சதுப்பா.”

மைத்துனன் நாயை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் பின்தட்டில் உட்கார்ந்திருந்தான். மேலே சட்டை இல்லை, கையெல்லாம் இரத்தம்.

“வச்சது அக்கா. சுடுமான்னு நான் உங்களத்தானே கேட்டேன்?”

குரலை உயர்த்தவில்லை. லாரிக்காரர் சாவியைத் தேடுவதுபோல் அந்தப் பக்கம் போனார். சிரம்பானில் மிருக வைத்தியர் கடை திறந்திருக்குமா என்று கெபுன்கார அக்கா கேட்டார். அவருடைய கன்றுகளைப் பற்றி யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

சிரம்பான் போகும்வரை நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், துப்பாக்கியை உறையில் போட்டு முழங்கால்களுக்கு நடுவில் பிடித்தபடி. அவன் பின்னால் நாயோடு. வைத்தியர் தையல் போட வெகுநேரம் ஆனது. பிழைக்கும், கால் பழையபடி வராது என்றார். அன்று மாலையே மைத்துனன் ஷிப்டுக்குப் போனான்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் அவன் தன் அக்காவுக்குப் போன் செய்திருந்தான். என் மனைவி சோறு போட்டாள். சாப்பிட்டு முடிந்ததும் பேசினாள்.

“நெத்தி மாதிரி இருந்துச்சு, வச்சேன். ஓட்டைன்னு எனக்கு என்னா தெரியும்?” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டே, “அங்க போயி ஏன் என் பேர சொன்னீங்க?” என்றாள்.

இந்த வட்டாரத்துத் தோட்டங்களின் வரலாறு எழுதுகிறவன் நான். தோட்டங்கள் துண்டாடப்பட்ட ஆண்டுகள், தொழிலாளர் குடியிருந்த எந்த லயம் எப்போது இடிக்கப்பட்டது, எந்தக் கோயில் எங்கே மாற்றப்பட்டது என்று பலரும் என்னிடம் வந்து கேட்டுப் போவார்கள். தேதியைச் சரிபார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஒரு நாய் உயிரைப் பணயம் வைத்து நின்ற இடத்தில், நான் சரிபார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு துளை.

ஊசியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பிறகு சுட்டுத் தீர்ந்த ஒரு தோட்டாக் கூட்டை எடுத்து, கேப்பு இருந்த குழியில் பழைய செருப்பின் ரப்பரை வெட்டி இறுக்கி அடைத்தேன். அதைத் துப்பாக்கியில் போட்டு விசையை இழுத்தால் ஊசி ரப்பரில் பதியும். எடுத்துப் பார்த்தால் பள்ளம் ஆழமா இல்லையா என்று தெரிந்துவிடும். பழைய துப்பாக்கிக்காரர்களின் புல்லுக்குப் பதிலாக எனக்கு ரப்பர்.

மைத்துனன் மறுபடி வேட்டைக்கு வந்தான். அந்த அக்காவின் கெபுனுக்கே வந்தான்; கன்றுகள் இந்த முறை தப்பின. என்னைத் தள்ளி வைக்கவில்லை, முகம் கொடுக்காமலும் இல்லை. ஒன்று மட்டும் புதிதாக வந்தது. நாய்களை அவிழ்ப்பதற்கு முன் என் எதிரில் வந்து நின்று, “காட்டுங்க மாமா” என்பான். நான் தோட்டாக் கூட்டைப் போட்டு, தரையைப் பார்த்து விசையை இழுத்து, எடுத்து நீட்டுவேன். பள்ளத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கட்டைவிரல் நகத்தால் தொட்டுவிட்டுத் திருப்பித் தருவான். அதன் பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பான். செம்பட்டை இப்போது வேட்டைக்கு இறங்குவதில்லை. ஆனால் கூட வருகிறது. லாரியின் முன்கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இந்த வருடம் புதிதாக ஒருவர் எங்களோடு சேர்ந்தார். ராசா என்ற ஊரில் குடியிருப்பவர். சொந்தத் துப்பாக்கி, சொந்தமாக ஒரு இளம் நாய். நான் கூட்டை நீட்டுவதையும் மைத்துனன் பார்ப்பதையும் கவனித்துவிட்டு, இது என்ன சடங்கு என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் மைத்துனன் சொன்னான். “பழைய துப்பாக்கிக்காரங்க செய்வாங்களாம். மாமா படிச்சி சொன்னது.”

அவ்வளவுதான். பழியே இல்லாத ஒரு பதில். அவர் மரியாதையாக என் பக்கம் திரும்பி, விவரமாகச் சொல்லுங்கள் என்றார். புல் கதையைச் சொல்லி முடித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய நாய் அவர் காலை ஒட்டி நின்றது, கழுத்தில் புதுக் கயிறு.

பிறகு சந்தனத்தையும் சொன்னேன். திறந்து வைத்தது, பொட்டு, துடைத்தது, டிக் என்ற ஓசை, நாய் திரும்பிப் பார்த்தது. ‘உங்க அக்கா வச்சது’ என்று லாரி ஓரத்தில் நான் சொன்னதையும் சொன்னேன். மைத்துனன் என்னைத் தடுக்கவில்லை.

புதியவர் தன் துப்பாக்கியைத் திறந்து, இரும்பு முகத்தை வெயிலுக்குத் திருப்பி, துளையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். மைத்துனன் கயிறுகளை ஒரு கையில் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

“வெயில் ஏறுது. காட்டுங்க மாமா.”

காட்டினேன்.