சங்கரலிங்கத்தின் இடது கை

திங்கட்கிழமை காலை ஆபீசில் போன் அடித்தது. கோவளத்தில் எங்கள் ஹோட்டலின் கணக்குப் பிரிவில் அந்த போன் சங்கரலிங்கத்தின் மேஜையில்தான் இருக்கும். உடம்புக்கு முடியாமல் அவன் வேலையை விட்ட பிறகும் அதை யாரும் இடம் மாற்றவில்லை. எழுந்து போய் எடுத்தேன். அவன் மனைவி கோமதி. "அண்ணாச்சி, அவுக போயிட்டாக" என்றாள். எங்கே என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

விழிஞ்ஞம் பாறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்களோடு தூண்டில் போட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதத்தான் நினைத்தேன். படித்தால் "யாருவே அது?" என்று கேட்பான். ஆகவே அவன் என்றே இருக்கட்டும்.

பெரிய ரப்பர் மீன் அவனுக்கு எப்படி வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. ஹோட்டலில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு சாண் நீளத்தில், இரைக்குப் பதிலாகத் தூண்டிலில் கட்டும் சில ரப்பர் மீன்கள். கையில் எடுத்தால் கனம். தண்ணீரில் இழுத்தால் வாலை ஆட்டிக்கொண்டு நிஜ மீனைப் போலவே வரும். அதுவரை நாங்கள் போட்டதெல்லாம் இறாலும் மத்தியும்தான். அடுத்த ஞாயிறு, தன் பழைய கம்பிலேயே, தங்கூசி என்கிற மெல்லிய நைலான் நரம்பில் ஒன்றைக் கட்டி ஓங்கி வீசினான். நரம்பு பட்டென்று அறுந்தது. மீன் மட்டும் தனியாகப் பறந்துபோனது. "கொழும்புக்குப் போயிருக்கும், கடுதாசி போட்டு விசாரியும்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அறுந்த நுனியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு அவனுக்குப் பிடித்தது ஒரு பைத்தியம். எதுவானாலும் ஐந்தொகை மாதிரி நேராக வந்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். ரப்பர் மீனின் கனத்துக்குத் தக்க கம்பு, கம்புக்குத் தக்க ரீல், ரீலுக்குத் தக்க நரம்பு என்று தேடி அலைந்தான். சாலைக் கடைவீதியில் வலையும் கயிறும் விற்கும் நம் ஊர்க்காரர் ஒருவரின் கடை உண்டு. அங்கே போய் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து, நரம்பின் நுனியில் கட்டி, ஒவ்வொரு கம்பாக எடுத்துத் தூக்கிப் பார்த்தான். ஒரு கம்பு நுனியில் மட்டும் வளைந்தது. ஒன்று வளையவே இல்லை. அதை உடனே கீழே வைத்துவிட்டான். வளையாத கம்பு பாரத்தை எல்லாம் நரம்பின் தலையிலும் நம் தோளிலும் போட்டுவிடும் என்றான். கடை முழுக்க ஈரம். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வந்தது கம்பு வாங்கவா கடை கழுவவா என்று கேட்டார். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

கடைசியில் தேறியது ஒரு தடித்த கம்பு. அடியில் விறைப்பு, நடுவிலிருந்து நுனிவரை வளைவு. ரீல், உருளை மாதிரிக் குறுக்காகச் சுழலும் வகை. கனத்த ரப்பர் மீனை இழுக்க அதுதான் தோது. நரம்பு தடித்தது. மீன் ஓடினால் எவ்வளவு பாரத்துக்கு மேல் ரீல் நரம்பை விட வேண்டும் என்பதையும் வாளியை வைத்தே முடிவு செய்தான். ஒரு வாளி தண்ணீர். ரீலின் திருகை அந்த அளவுக்கு இறுக்கி வைத்தான். எங்களிடம் அவன் அடிக்கடி சொல்வது இது: "கம்பு வளையணும், முறியப்படாது. ரீல் விட்டுக்குடுக்கணும், விட்டுறப்படாது." அந்தக் கம்பில் அவன் ஏற்றிய முதல் பாறை மீனைச் சுமந்துகொண்டு நாம் எல்லாரும் படியேறியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அவன் போட்ட ஒரு சட்டமும் ஞாபகம் இருக்கும். மீன் மாட்டிய கம்பை வேறொருவன் தொடக்கூடாது. தொட்டால் அது மாட்டியவன் பிடித்த மீன் இல்லை, கணக்கில் சேராது. இதற்காக அவனோடு சண்டை போட்டவர்கள் உண்டு. நானே போட்டிருக்கிறேன். அவன் இறங்கி வரவில்லை.

பிறகு கால் வீங்கியது. முகம் வீங்கியது. கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அதற்காக மணிக்கட்டில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்கள் இரண்டை இணைப்பார்கள். ஊசி குத்துவதெல்லாம் பிறகு அந்த இடத்தில்தான். பிஸ்டுலா என்று பெயர். டாக்டர் நல்லவர். எந்தக் கையால் வேலை செய்கிறீர்கள் என்று அவனிடம் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். "வலது கை" என்றான். அப்படியானால் இடது கையில் செய்துவிடலாம், வலது கை உங்கள் வேலைக்கு இருக்கட்டும் என்றார் டாக்டர். எங்கள் இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது. கணக்கு எழுதும் கை வலது கை அல்லவா?

கட்டுப் பிரித்த அன்று மலையாளி நர்ஸ் வந்து அறிவுரை சொன்னாள். அந்தக் கையில் வாட்ச் கட்டக்கூடாது, அந்தப் பக்கம் படுக்கக்கூடாது. "ஒரு பக்கெட் வெள்ளம் போலும் எடுக்கருது சேட்டா, கேட்டோ? இது அடைஞ்சா பின்னே வேற இடம் நோக்கணும். கிட்டுமான்னு தெரியாது." ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று அவள் சொன்னதும் சங்கரலிங்கம் என்னைப் பார்த்தான். வலது கையால் வீசுவான், வலது கையால் சுற்றுவான். கம்பைத் தாங்கி நிற்பதும், மீனின் பாரம் முழுவதையும் வாங்குவதும் இடது கை. அத்தனை வருஷமும் அப்படித்தான். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துகொண்டு, "கணக்கனா பதில் சொல்லிட்டேன்வே. தூண்டில்காரனா சொல்லியிருக்கணும்" என்றான். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

இனிமேல் தூண்டில் பக்கமே போகக்கூடாது என்று கோமதி ஒற்றைக்காலில் நின்றாள். நாங்கள் சின்னக் கம்பும் சின்னத் தூண்டிலுமாகப் போதுமே என்றோம். அந்தப் பேச்சு அவனுக்கு ஆகவில்லை. "கைதான் போச்சு, மானம் போகல" என்றான். மஸ்கட்டில் இருந்த மைத்துனரிடம் சொல்லி, இடது பக்கம் கைப்பிடி வைத்த ரீலை வரவழைத்தான். சுற்றுவதற்குப் பலம் வேண்டாத, மெதுவாகச் சுழலும் ரீல். இப்போது கம்பு வலது கையில், கைப்பிடி இடது கையில். கம்பையும் மாற்றினான். கொஞ்சம் குட்டை. அடியை வலது முழங்கைக்குக் கீழே இடுக்கி ஒற்றைக் கையால் வீசப் பழகினான். தூரம் போகாது. அதனால் விழிஞ்ஞம் பாறையை விட்டுவிட்டு, ஆறு கடலில் விழும் பூவாறு பொழிமுகத்துக்குப் போனோம். அங்கே கொடுவா மீன் கரையோரமே வரும். ரீலை இறுக்க மறுபடியும் வாளியைக் கொண்டுவந்து வைத்தான். இந்த முறை அரை வாளி. அதற்கு மேல் பாரம் வந்தால் நரம்பு ஓடிவிட வேண்டும். தண்ணீர் மட்டத்தைக் குனிந்து அவன் சரிபார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தினமும் காலையில் அவன் தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பான். ரத்தம் ஓடினால் அந்த இடம் விரலுக்கு மெல்ல அதிரும். பூனை உறங்கும்போது தொட்டால் இருக்குமே, அப்படி. என்னைக் கண்டாலும் கையை நீட்டிவிடுவான். "ஓடுதா?" நான் விரலை வைத்து, ஓடுது என்பேன். சிலர் வெற்றிலை நீட்டுவார்கள். இவன் மணிக்கட்டை நீட்டினான்.

பூவாற்றில் அவன் நிறைய நாள் வெறுங்கையோடு திரும்பினான். ஒரு ஞாயிறு, வெயில் ஏறும் முன்பு, ரப்பர் மீன் கரையை நெருங்கும் நேரத்தில் தண்ணீர் பிளந்தது. கொடுவா. முழுதாக மேலே எழும்பித் தலையை உதறியது. எங்கள் யார் தூண்டிலிலும் அத்தனை பெரியதை நான் பார்த்ததில்லை. ரீல் நரம்பை விட்டது. கம்பு வளைந்து கொடுத்தது. அவன் தேர்ந்தெடுத்த எல்லாம் அவன் சொன்னபடியே வேலை செய்தன. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் என்னவென்று எழுத?

ஆனால் மீன் கரையோரத்துக் கருங்கல் கட்டின் பக்கம் திரும்பியது. கல்லுக்குள் புகுந்தால் நரம்பு உரசி அறுந்துவிடும். திருப்ப வேண்டுமானால் ரீலை இன்னும் இறுக்கி, இடது கையைக் கம்பில் கொடுத்துத் தூக்க வேண்டும். வேறு வழியில்லை. அவன் நினைக்கும் முன்பே இடது கை கம்புக்குப் போய்விட்டது. பழகிய கை. பிஸ்டுலா இருந்த இடத்தில் ரத்தக்குழாய் புடைத்தது.

"இங்க தாரும்" என்று ஓடினேன்.

"தொடாதீரும்."

"சட்டமும் மண்ணாங்கட்டியும்! தாரும்வே!"

அவன் தரவில்லை. அந்தக் கையை ஒரு தரம் பார்த்தான். மீனையும் பார்த்தான். இடது கையை எடுத்தான், இடுப்பிலிருந்த கத்தியை உருவினான், ரீலுக்கு முன்னால் நரம்பை அறுத்துவிட்டான். கம்பு நிமிர்ந்தது. தண்ணீர் கொஞ்ச நேரம் கலங்கி அடங்கியது.

மணலில் உட்கார்ந்து மணிக்கட்டை நீட்டினான். "ஓடுதான்னு பாரும்." விரலை வைத்தேன். ஓடுது என்றேன்.

"அப்ப சரி. செவ்வாய்க்கிழமை ஊசி குத்தணும்லா. மீன் இன்னொண்ணு வரும். கை வராது."

இன்னொன்று வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. கடல் பொங்கி, பொழிமுகம் செம்மண் தண்ணீராகக் கிடந்தது. மழை விடட்டும் என்றான். விடவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலையில், நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு நெஞ்சு நின்றுபோனது. கை நன்றாக இருந்தது. டாக்டரே சொன்னார், இத்தனை நன்றாக வேலை செய்த பிஸ்டுலா அபூர்வம் என்று. கடவுளுக்குக் கணக்கு எழுதத் தெரியாது. தெரிந்திருந்தால் இப்படி எழுதுவானா?

வீட்டில் எல்லாரும் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவன் இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். பழக்கம். மணிக்கட்டில் விரலை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் நாடி பார்ப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

பதினாறு கழிந்த பிறகு கோமதி வரச்சொன்னாள். பழைய வேட்டியில் சுற்றிக் கம்பையும் ரீலையும் கொண்டுவந்து கொடுத்தாள். தூண்டில் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மீனைப் புடிச்சிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன்.

கம்பு இப்போது என் வீட்டில் இருக்கிறது. ரீலில் அவன் அறுத்த நுனி அப்படியே தொங்குகிறது. புது நரம்பு ஏற்றவில்லை. ஒருநாள் மட்டும், குழாயடியில் அரை வாளி தண்ணீர் பிடித்து, அந்த நுனியைக் கம்பின் வளையங்களில் கோத்து வாளியில் கட்டி, வலது கையால் கம்பைத் தூக்கிப் பார்த்தேன். வாளி தரையை விட்டுக் கிளம்பியது. இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றித் தூக்கினேன். வாளி அசையவில்லை, ரீல் மெல்ல விட்டுக்கொடுத்தது. அவன் வைத்த இடத்திலேயே திருகு இருக்கிறது. நான் அதை இறுக்க மாட்டேன்.