ஏரி என்று எழுதிய சுவிட்ச்

செய்தி நம் ஜீப் ஓட்டுநர் ஏழுமலையின் குரலில் வந்தது. காலை பதினோரு மணி. நூலகத்துக்கு வெளியே வந்து போனை எடுத்தேன்.

"தம்பி, நம்ம கன்னிம்மா பூட்டா."

எந்தக் கன்னியம்மா என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். அது வேறு யாராகவோ இருப்பதற்கு ஒரு நொடி கொடுத்துப் பார்த்தேன்.

"நம்ம ஜீப்பு கன்னிம்மா தான். காமாலை. பத்து நாளா நாட்டு மருந்து குடிச்சிக்கினு இருந்துகீது. நேத்து ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போற வழியிலயே..." நிறுத்தினார். "மண்ணுலயும் வெச்சிட்டாங்கோ. உங்களுக்குத் தெரியுமோ இன்னாவோன்னு தான் போட்டேன்."

இருபத்தேழு வயது. எனக்கும் அதே வயது. ஆகவே அவள் என்றே எழுதுகிறேன்.

உத்திரமேரூர் ஏரி அளவைத் திட்டத்தில் ஒன்றரை வருடம் ஒரே ஜீப்பில் திரிந்தோம். இப்போது ஆளுக்கொரு ஊர். உங்களில் பலருக்கு இந்தச் செய்தி இன்னும் வந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். அதனால் மட்டும் அல்ல.

*

அவள் நம்மிடம் வந்தது கோல் பிடிக்க. உயரம் அளக்கும் அந்த நீளக் கோலை ஏரிக்குள் சொன்ன இடத்தில் நட்டு, ஆடாமல் நிற்க வேண்டும். தினக்கூலி. சாலவாக்கம் பக்கம் ஏரியை ஒட்டிய இருளர் குடியிருப்பில் அவள் வீடு. அதற்கு முன் மூன்று வருடம் கம்பெனி பஸ்ஸில் போய், கார்களுக்கான ஒயர்க்கட்டு பின்னும் தொழிற்சாலையில் வேலை செய்திருந்தாள். இதை அவள் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

தெரியவந்தது ஜீப் புகைந்த அன்று. மத்தியானம், தாமல் ஏரிக்கரை. பானெட்டைத் திறந்து ஏழுமலை தண்ணீர் ஊற்றப் போனார். அவள் ஓடிவந்து குடத்தைப் பிடுங்கினாள். பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணா இது, இடியாப்பம் புழிஞ்சி வெச்சிகீறீங்க?"

"ஏம்மா, நீ கோலு புடிக்க வந்தியா, ஒயரு புடிக்க வந்தியா?"

"கோலு பேசாது. ஒயரு பேசும்ணா."

பனி விளக்கு, பெரிய ஹாரன், காற்றடிக்கும் பம்ப், மடிக்கணினிக்கு மின்சாரம். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் நேராக பாட்டரியில் கொடுத்திருந்தார்கள். அவள் எனக்கு விளக்கிய விதம் இது: "பந்தியில எல்லாரும் அண்டாவுலயே கைய வுட்டா இன்னா சார் ஆவும்? நடுவுல பரிமாற ஒரு ஆளு வேணும்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பழைய ஸ்டெபிலைசரின் தகரப் பெட்டிக்குள் ஆறு ரிலே, ஆறு ஃப்யூஸ். பாட்டரியிலிருந்து பெட்டிக்கு ஒரே தடித்த ஒயர். பெட்டியிலிருந்து எல்லாவற்றுக்கும் தனித்தனி மெல்லிய ஒயர். ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்ச் வரிசை. ஒவ்வொன்றின் கீழும் வெள்ளைப் பெயின்டில் அவள் கையெழுத்து. ஹாரனுக்கு ஹாரன் என்று எழுதவில்லை. மாடு என்று எழுதினாள். விளக்குக்குப் பனி. பம்புக்குக் காத்து.

"மாடு குறுக்க வந்தா ஹாரனைத் தேடுவீங்களா, மாட்டைத் தேடுவீங்களா?" என்றாள். ஏழுமலை சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவரிடத்தில் அவளுக்கு 'இன்ஜினீரம்மா' என்று பெயர். பாதி கேலி. பாதிதான்.

*

திட்டத் தலைவர் வெளிநாட்டுக் கருத்தரங்கிலிருந்து ஒரு கருவி கொண்டுவந்தது நினைவிருக்கும். டயர் வால்வில் திருகும் நான்கு மூடிகள். ஒவ்வொரு மூடியும் தன் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று ஓட்டுநர் முன்னால் இருக்கும் சின்னத் திரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தால் கத்தும்.

நம் ஏரிகளுக்கு அது ஒத்துவரவில்லை. சேற்றில் இறங்கும் முன் ஏழுமலை எப்போதும் காற்றைப் பாதியாகக் குறைப்பார். டயர் பரந்து, சேற்றின் மேல் படுத்துக்கொண்டு போகும். தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி நிரப்புவார். கருவிக்கு இது தெரியாது. ஏரிக்குள் இருக்கும் நேரமெல்லாம் கத்திக்கொண்டே இருந்தது.

"பேஜாரு புடிச்ச மிசினு. புடுங்கி எறி."

"ரோட்டுக்கு ஒரு காத்து, ஏரிக்கு ஒரு காத்து. அதுக்கு இன்னா தெரியும், பாவம்" என்றாள் கன்னியம்மா. திரையைத் திறந்து, கத்தும் ஒயரை வெட்டி, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தாள். அதன் கீழ் ஏரி என்று எழுதினாள். அதைப் போட்டால் கருவி வாயை மூடும். கூடவே சுவிட்சின் தலைமாட்டில் ஒரு சிவப்பு பல்ப் எரியும்.

பல்ப் எதற்கு என்று கேட்டேன்.

"சத்தத்தை நிறுத்தினா, நிறுத்தினது தெரியணும் சார். இல்லாட்டி மறந்துடுவீங்கோ."

அப்போது நோட்டில் குறித்துக்கொண்டேன். நல்ல வாக்கியம் என்பதற்காக. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

நான்கு மூடிகளிலும் சிவப்பு நகப்பூச்சால் புள்ளி வைத்ததும் அன்றுதான். முன் இடதுக்கு ஒன்று, முன் வலதுக்கு இரண்டு, பின் இடதுக்கு மூன்று, பின் வலதுக்கு நான்கு. ஏழுமலை நாஷ்டாவுக்குப் போயிருந்தார். நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். புட்டியை என்னிடம் கொடுத்து மூடச் சொல்லிவிட்டு, விரலை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"சக்கரத்தை எடம் மாத்தினா, மூடிய மட்டும் கயட்டி பழைய எடத்துலயே போட்டுடணும். இல்லாட்டி ஒண்ணு அழுவும், இன்னொண்ணைத் தூக்குவீங்கோ. அண்ணங்கிட்ட சொல்லிடுங்கோ சார்."

சொல்கிறேன் என்றேன்.

*

இடையில் ஒரு மாலை. வேலை இல்லை, வண்டி சாலையோரம் நிற்கிறது. நாற்றுப் பயிர் நெடுக. அதன் நடுவே ஒரே கோட்டில் கொக்குகள்.

"பச்சை வெள்ளை" என்றாள்.

தொழிற்சாலையில் ஒயர்களுக்கு இரண்டு நிறங்கள். உடம்பு ஒன்று, அதன் மேல் ஓடும் கோடு ஒன்று. மூன்று வருடம் அந்தப் பெயர்களைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு உலகமே அப்படித்தான் தெரிந்தது.

"பச்சை வெள்ளைன்னா?"

"லெஃப்ட் இன்டிகேட்டர்."

ஏழுமலை ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். பிறகு அது எங்கள் மூவரின் வழக்கமாயிற்று. காக்கை உட்கார்ந்த மஞ்சள் சுவர், கறுப்புச் சேலையில் சிவப்புக் கரை. அவள் நிறத்தைச் சொல்வாள். நாங்கள் அது எங்கே போகும் ஒயர் என்று ஊகிப்போம். நான் எப்போதும் தோற்றேன். சில சமயம் வேண்டுமென்றே. அவள் திருத்துவதைக் கேட்பதற்காக.

அதற்கு என்ன பெயர் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்து என்ன.

*

மழை தொடங்கிய வாரம். கன்னியம்மா உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். காலையில் உத்திரமேரூர் பங்ச்சர் கடையில் டயர் தேய்மானம் பார்த்து, முன் வலதையும் பின் இடதையும் இடம் மாற்றினோம். ஏழுமலை ஜாக்கி வைத்தார். நான் சக்கரங்களை உருட்டிக் கொடுத்தேன். மூடிகள் சக்கரங்களோடே போயின. நான் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. மறந்திருந்தேன்.

திருப்புலிவனம் தாண்டியதும் கருவி கத்தியது. பின் இடது, காற்றுக் குறைவு. ஏழுமலை இறங்கிப் பின் இடது டயரை ஸ்பேனரால் தட்டினார். கல் மாதிரி இருந்தது. மறுபடி கத்தியது. மறுபடி தட்டினார்.

"இன்ஜினீரம்மா ஒயரு இன்னிக்கு லீவு போல" என்று சொல்லி ஏரி சுவிட்சைப் போட்டார். சத்தம் நின்றது. சிவப்பு பல்ப் எரிந்தது. தார்ச்சாலையில்.

அடுத்த வளைவில் முன் வலது டயர் விளிம்பை விட்டுக் கழன்றது. ஜீப் வயலுக்குள் இறங்கிச் சாய்ந்தது. பின் இருக்கையில் இருந்த தலைவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அளவைக் கருவி உடைந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. சேற்றில் உட்கார்ந்து பார்த்தேன். முன் வலது சக்கரம் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மூடியில் மூன்று சிவப்புப் புள்ளிகள்.

ஆகவே எனக்கு அந்த நிமிடமே தெரியும்.

மறுநாள் அறிக்கை எழுதியது நான். "ஏரிக்கரைப் பொண்ணு கையில ஒயரைக் குடுத்தது என் தப்பு" என்றார் தலைவர், கட்டுப்போட்ட கையோடு. நான் எழுதினேன்: கருவியின் இணைப்பில் ஏற்பட்ட பிழையால் அது தவறான சக்கரத்தைக் காட்டியது. நல்ல, சுத்தமான வாக்கியம். கன்னியம்மாவை இனி வர வேண்டாம் என்றார்கள்.

அவள் ஒரு முறை வந்தாள். வேலை கேட்டு அல்ல; வண்டியைப் பார்க்க. அலுவலக முற்றத்தில் நின்ற ஜீப்பை ஒரு சுற்று சுற்றினாள். முன் வலதில் குனிந்தாள். பின் இடதில் குனிந்தாள்.

"ரெண்டும் மூணும் எடம் மாறிகீது சார்."

நான் அந்த மூன்று புள்ளிகளையே பார்த்தேன்.

"அண்ணங்கிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இப்பப் போயி சொன்னா, சக்கரம் மாத்தினது யாருன்னு கேப்பாங்கோ. அண்ணன் வேலை பூடும். மூணு பொண்ணு கீது அதுக்கு. வுடுங்க."

என் வேலையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. போகும்போது வண்டிக்குள் கையை விட்டு ஏரி சுவிட்சை அணைத்தாள். பாட்டரி கழற்றிய வண்டி. பல்ப் எரியவில்லை. சுவிட்ச் மட்டும் அதுவரை போட்டபடியே இருந்திருக்கிறது.

*

பிறகு உத்திரமேரூரில் டிராக்டர் பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றில் ஒயர் வேலை செய்தாள். ஒரே ஒரு முறை பேருந்து நிலையத்தில் பார்த்தேன். பற்றவைத்த ஈயம் பட்டு விரல் நுனி வெந்திருந்தது. டிராக்டர்காரர்கள் சுவிட்சுக்கு என்னென்ன பெயர் எழுதச் சொல்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். ஒருவர் தன் மாமியார் பெயரை ஹாரனுக்கு வைக்கச் சொன்னாராம்.

"கன்னியம்மா, அந்த அறிக்கை..." என்று ஆரம்பித்தேன்.

"பஸ்ஸு கெளம்பிகினு கீது சார். ஏறுங்க மொதல்ல."

ஏறிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். அடுத்த பேருந்து அரை மணியில் இருந்தது.

*

செய்தி வந்த மறுநாள் ஏழுமலையோடு அவள் வீட்டுக்குப் போனேன். திட்டம் முடிந்ததும் அந்த ஜீப்பை அவரே வாங்கியிருந்தார். தகரப் பெட்டி அப்படியே இருக்கிறது. வெள்ளை எழுத்து மங்கியிருக்கிறது, படிக்க முடிகிறது. கத்தும் திரையை மட்டும் விபத்துக்குப் பிறகு பிடுங்கிவிட்டாராம்.

குடியிருப்புக்கு ஏரிக்குள் இறங்கித்தான் போக வேண்டும். இறக்கத்தில் வண்டியை நிறுத்தி நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தார். உட்கார்ந்தார். கை தன்னால் போய் ஏரி சுவிட்சைப் போட்டது. நிறுத்துவதற்கு ஒரு சத்தமும் இல்லை. பல்ப் எரிந்தது.

"இன்னும் போடுறீங்களா?"

"காத்து எறக்கிகீதுன்னு ஞாபகம் வேணுமில்ல."

சேற்றின் நடுவில் சொன்னேன். புள்ளிகள், நகப்பூச்சு, அவரிடம் சொல்லச் சொன்னது, நான் சொல்லாதது, அறிக்கை, அவள் குனிந்து பார்த்தது. அவர் வண்டியை நிறுத்தவில்லை. சேற்றில் நிறுத்தக் கூடாது.

கரை ஏறியதும் நிறுத்தினார்.

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்க வேலை போயிடும்னு விடச் சொன்னா."

"மூணு வருசமா அது ஒயரைத் திட்டிக்கினு கீறேன் தம்பி நானு. அது மூஞ்சிக்கு நேராவே சொல்லிகீறேன். சிரிச்சிக்கினே போச்சு." முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு துண்டுக்குள்ளிருந்தே, "நீயாச்சும் வாயத் தொறந்திருக்கலாமே நைனா" என்றார். அதுவரை அவர் என்னை நீ என்று சொன்னதில்லை.

அவள் அம்மாவிடமும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார். "அத்த எழுதிக் குடுத்துட்டு போ" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். இங்கேயும் எழுதுகிறேன். அந்த அறிக்கையின் பிரதி உங்களில் யாரிடமாவது இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி வாசியுங்கள்: கருவி சரியாகக் காட்டியது. இணைப்பில் பிழை இல்லை. சக்கரம் இடம் மாறினால் மூடிகளைப் பழைய இடத்திலேயே போடும்படி கன்னியம்மா முன்னதாகவே சொல்லியிருந்தாள். கேட்டவன் நான்.

என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. ஏழுமலை வண்டிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த மூடி, மூன்று புள்ளிகளோடு. மற்றது திரும்பி வந்த வழி.

தார்ச்சாலை ஏறும் முன் காத்து சுவிட்சைப் போட்டு நான்கு டயரையும் நிரப்பினார். ஏரி சுவிட்சை அணைத்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இருபுறமும் நாற்று நட்டிருந்தார்கள். ஓரிடத்தில் அந்தப் பச்சையின் நடுவே கொக்குகள் வெள்ளைக் கோடாக நின்றன. நேர்ச் சாலை. திரும்ப எங்கும் வழி இல்லை. அவர் இடது இன்டிகேட்டரைப் போட்டார். வயல் முடியும்வரை அது விட்டு விட்டு எரிந்துகொண்டே வந்தது.